காதிரைச்சல்: பின்னணி ஒலியா, காது கேட்கும் கருவியா?

விளக்கை அணைத்ததும் காதுக்குள் 'ங்ங்ங்' என்று தொடங்கிவிடுகிறது. எதை வாங்குவது என்று குழம்புவதற்கு முன் கேட்புத்திறன் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். பாதி விடை அதிலேயே இருக்கிறது.

செலவு:
ஒலி – மழைச் சத்தமோ மின்விசிறி ஓசையோ கைபேசியிலேயே இலவசம்.
கருவி – விலை அதிகம். பேட்டரி, பராமரிப்பு தனி.

வேலை செய்யும் விதம்:
ஒலி – அமைதிக்கும் இரைச்சலுக்கும் உள்ள வேறுபாட்டைக் குறைக்கிறது. இரைச்சலை மூழ்கடிக்கும்படி சத்தத்தைக் கூட்டுவதுதான் பலர் செய்யும் தவறு. இரைச்சல் லேசாகக் கேட்கட்டும். ஒலி அதற்குச் சற்றுக் கீழே இருக்கட்டும். அப்போதுதான் மூளை இரைச்சலைப் பொருட்படுத்தாமல் விடப் பழகும்.
கருவி – கேட்புத்திறன் குறையும்போது, வராத ஒலியைத் தேடி மூளை தன் உணர்திறனைக் கூட்டிக்கொள்கிறது. இரைச்சல் அதன் விளைவு என்பது பரவலான விளக்கம். கருவி அந்த வெளியொலியைத் திருப்பித் தருகிறது.

பழகுவது:
ஒலி – முதல் இரவிலிருந்தே பயன்படுத்தலாம்.
கருவி – சில வாரங்கள். தொடக்கத்தில் செய்தித்தாளைப் புரட்டும் சத்தம்கூட எரிச்சலூட்டும்.

காது நன்றாகக் கேட்கிறது, தூக்கம் மட்டுமே கெடுகிறது என்றால் ஒலி போதும். பேச்சு பிடிபடாமல் "என்ன, என்ன" என்று கேட்பவருக்கு என் ஓட்டு கருவிக்குத்தான். இரவில் கழற்றியபின் ஒலியும் கைகொடுக்கும். இரண்டுமே இரைச்சலை ஒழிப்பதில்லை. மன உளைச்சல் மிகுந்தவர்களுக்கு, அதைத் தணிப்பதில் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சைக்கே (எண்ணங்களையும் நடந்துகொள்ளும் விதத்தையும் மாற்றப் பழக்கும் பேச்சுச் சிகிச்சை) வலுவான சான்று இருக்கிறது.

ஒரு காதில் மட்டும் இரைச்சல், அல்லது நாடியோடு சேர்ந்து துடிக்கும் இரைச்சல் என்றால் எதையும் வாங்காமல் காது மருத்துவரிடம் போங்கள். திடீரெனக் காது கேட்காமல் போனால், அன்றைக்கே.