பெட்டியில் 24 பிட், உள்ளே 16 பிட்: யூஎஸ்பி சவுண்ட் கார்டு வாங்குவோர் கவனத்திற்கு

கும்பகோணத்தில் ஒரு கடையில் ஏறத்தாழ ஏழாயிரம் ரூபாய் கொடுத்து நான் வாங்கிய யூஎஸ்பி சவுண்ட் கார்டின் (மைக்கின் ஒலியைக் கணினிக்குக் கொடுக்கும் கருவி) அட்டைப்பெட்டியில் இரண்டு மைக் உள்ளீடு, 24 பிட் (ஒலியை அளக்கும் நுணுக்கம்), 192 கிலோஹெர்ட்ஸ் (நொடிக்கு எத்தனை ஆயிரம் முறை அளக்கிறது என்ற வேகம்), 48 வோல்ட் பேந்தம் பவர் (மைக்குக்கு அதன் கம்பி வழியே தரும் மின்சாரம்) என்று நான்கு வாக்குறுதிகள் அச்சிடப்பட்டிருந்தன. நான்கில் ஒன்றுகூட உண்மையில்லை. அதைக் காட்டிலும் எனக்கு ஆத்திரம் மூட்டியது, லினக்ஸ் இயங்குதளத்தில் வேலை செய்யும் நான் குறையைச் சொல்லப் போனபோதெல்லாம் கடையில் கிடைத்த ஒரே பதில்: "தம்பி, லினக்ஸ்ல இதெல்லாம் சரியா ஓடாது. விண்டோஸ் போட்டுக்கிட்டு வாங்க, பேசுவோம்." இந்தப் பதிலை நம்பிப் பணத்தை மறந்துவிட்டவர்கள் எனக்குத் தெரிந்தே சிலர் இருப்பதால், கடையின் பெயரைத் தவிர்த்து மற்றவற்றை விரிவாக எழுதுகிறேன்.

ஆச்சா மரத்தில் நாதஸ்வரம் கடைந்தெடுக்கும் நரசிங்கம்பேட்டைக்கு அருகில் என் பெரியப்பா பிள்ளைகளுக்கு நாதஸ்வரம் சொல்லிக்கொடுக்கிறார். அவருடைய பாடங்களைத் தவில் துணையுடன் பதிவு செய்து மாணவர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்பதே திட்டம். ஒரே அறையில் இரண்டும் ஒலிக்கும்போது நாதஸ்வரத்துக்கு ஒரு மைக், தவிலுக்கு ஒரு மைக் என்று வைத்து, இரண்டையும் தனித்தனித் தடங்களாகப் பிடித்தால்தான் பின்னால் ஒலியளவைச் சமன் செய்ய முடியும். ஆகவே இரண்டு உள்ளீடு என்பது எனக்கு ஆடம்பரம் அல்ல, அதற்காகத்தான் அந்தப் பெட்டியையே வாங்கினேன்.

முதல் பதிவிலேயே கோளாறு தெரிந்தது. இரண்டு தடங்களிலும் ஒரே ஒலி, ஒரே அளவில் இருந்தது. அது மட்டுமன்று, தவிலின் வலந்தலையில் பலமான அடி விழுந்த ஒவ்வொரு முறையும் நாதஸ்வரம் சட்டென்று அமுங்கி, பிறகு மெல்ல மெல்ல மேலே ஏறி வந்தது. பெரியப்பா கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "என்னடா இது, அவன் அடிக்கிறப்பல்லாம் நான் கிணத்துக்குள்ள போயிட்டு வர்றேன்?" என்றார். இதைவிடத் துல்லியமாக அந்தக் குறையை எந்தப் பொறியாளரும் விவரித்திருக்க முடியாது.

கடைக்காரர் லினக்ஸைப் பற்றிச் சொன்னதில் ஓரளவு நியாயம் உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். விண்டோஸிலோ மேக்கிலோ மட்டும் ஓடும் தனி மென்பொருளைக் கொண்டு இயக்க வேண்டிய விலையுயர்ந்த கருவிகள் சில இருக்கின்றன, அவை லினக்ஸில் அரைகுறையாகவே பணியாற்றும். ஆனால் யூஎஸ்பி ஒலிக் கருவிகளுக்கென்று 1998லும், அதன் இரண்டாம் பதிப்பாக 2006லும் பொதுத் தரங்கள் வகுக்கப்பட்டுள்ளன. அவற்றுக்கு உட்பட்ட கருவி எதுவாயினும், லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலிலேயே உள்ள பொதுவான டிரைவர் (கருவியை இயக்கும் நிரல்) அதைச் செருகியவுடன் அடையாளம் கண்டுகொள்ளும். என் பெட்டியும் அப்படித்தான் உடனே அடையாளம் காணப்பட்டது. வழக்கமான சந்தேகங்களையும் தீர்த்துக்கொண்டேன். ஹப்பை நீக்கி நேரடியாகச் செருகினேன், இயல்புநிலை ஒலிக்கருவியாக எச்டிஎம்ஐ அமர்ந்திருந்ததை மாற்றினேன், ஒலி அமைப்புகளைக் காட்டும் ஆல்சாமிக்ஸரில் எஃப்6 அழுத்திச் சரியான கார்டைத் தேர்ந்து, எதுவும் மியூட்டில் இல்லை என்று உறுதி செய்தேன். அந்தத் திரையில்தான் 'ஆட்டோ கெயின் கன்ட்ரோல்' என்ற ஒன்று இயங்கிக்கொண்டிருப்பதைக் கண்டேன். பேச்சுக்காக ஒலியளவைத் தானே ஏற்றி இறக்கும் ஏற்பாடு அது. அதை அணைத்ததும் பெரியப்பா கிணற்றிலிருந்து மீண்டார். ஆனால் இசைப்பதிவுக்கென்று விற்கப்படும் கருவியில் அது எதற்கு இருக்கிறது என்ற கேள்வி எழுந்தது.

விடை, யூஎஸ்பியில் செருகிய கருவிகளைப் பட்டியலிடும் எல்எஸ்யுஎஸ்பி என்ற கட்டளையில் கிடைத்தது. பெட்டியின் மேல் என்ன பெயர் ஒட்டியிருந்தாலும், உள்ளே இருக்கும் சில்லு தன் உற்பத்தியாளர் எண்ணைக் கணினியிடம் சொல்லியாக வேண்டும். என் பெட்டி சொன்ன எண் 0டி8சி, அதாவது சி-மீடியா நிறுவனத்தின் எண். சில நூறு ரூபாய்க்கு விற்கும் கட்டைவிரல் அளவு அடாப்டர்களில் பரவலாகக் காணப்படும் எளிய ஒலிச் சில்லுதான் ஏழாயிரம் ரூபாய் உலோகப் பெட்டிக்குள் உட்கார்ந்திருந்தது. சில்லைச் செய்தவர்கள் மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. அது 16 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் வரை, மைக்குக்கு ஒரே சேனல் என்று அவர்களுடைய விவரக் குறிப்பே வெளிப்படையாகச் சொல்கிறது. இணையவழி உரையாடலுக்கு அது போதுமானது. பொய்யை அச்சிட்டவர்கள் அட்டைப்பெட்டி அடித்தவர்கள், அதை உண்மையென்று விற்றவர் கடைக்காரர்.

இன்னும் உறுதியாகத் தெரிந்துகொள்ள, ப்ராக் கோப்பகத்தில் ஏசவுண்ட் என்பதற்குள், அந்தந்தக் கார்டுக்கான உறையில் உள்ள 'ஸ்ட்ரீம்0' என்ற கோப்பைத் திறந்து படிக்க வேண்டும். அதில் 'கேப்சர்' (ஒலிப்பதிவு) என்ற பகுதியின் கீழ் வடிவம் 16 பிட், சேனல் 1, வேகம் 44,100 மற்றும் 48,000 என்று எழுதியிருந்தது. ஆக, இரண்டு மைக்கின் ஒலியும் பெட்டிக்குள்ளேயே ஒன்றாகக் கலந்து ஒற்றைச் சேனலாக வெளிவந்துள்ளது. பின்னால் எந்த மென்பொருளாலும் அதைப் பிரிக்க இயலாது. கெர்னல் பதிவேட்டில் கருவி இணைந்த வரியில் 'ஃபுல் ஸ்பீட்' என்றிருந்தது. பெயரைக் கண்டு ஏமாறக் கூடாது. அது நொடிக்கு 12 மெகாபிட் கொண்ட பழைய வேகம், 480 மெகாபிட் உள்ளதற்கு 'ஹை ஸ்பீட்' என்று பெயர். 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ், இரண்டு சேனல் என்றால் நொடிக்கு 9.2 மெகாபிட் ஓட வேண்டும். ஃபுல் ஸ்பீட் இணைப்பில் ஒலிக்கு ஒதுக்கக்கூடிய உச்சம், மில்லி நொடிக்கு 1,023 பைட், அதாவது ஏறத்தாழ 8.2 மெகாபிட்தான். சில்லைப் பற்றி எதுவுமே தெரியாவிட்டாலும், இந்த ஒரு கணக்கே அட்டைப்பெட்டியின் கூற்றை முறித்துவிடுகிறது.

இவ்வளவையும் எடுத்துச் சொன்னபோது கடைக்காரர் தம்முடைய விண்டோஸ் கணினியில் ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளைத் திறந்து, வேகத்தை 192,000 என்று மாற்றி, மைக்கில் 'ஹலோ' சொல்லிப் பதிவு செய்து, "பாருங்க தம்பி, ஓடுதில்ல?" என்றார். பலரும் வாயடைத்துத் திரும்புவது இந்த இடத்தில்தான். அந்த எண் மென்பொருள் எழுதும் கோப்பின் வேகமே அன்றிக் கருவியின் வேகம் அன்று. இடையில் இயங்குதளம் 48,000ஐ 192,000 ஆக நீட்டிக் கொடுத்துவிடுகிறது. அந்தக் கோப்பை ஸ்பெக்ட்ரோகிராமாக (ஒலியில் உள்ள அதிர்வெண்களைக் காட்டும் படம்) மாற்றி, காட்சியின் உச்ச அதிர்வெண்ணை 96,000 ஆக உயர்த்தச் சொன்னேன். 48,000இன் பாதியான 24 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே திரை வெறுமையாகக் கிடந்தது. அடுத்து இரண்டு தடங்களையும் பிரித்து, ஒன்றின் ஒலியலையைத் தலைகீழாக்கி, இரண்டையும் கலக்கச் செய்தேன். மிஞ்சியது முழு அமைதி. இரண்டும் உண்மையிலேயே வேறு வேறு மைக்குகளின் ஒலியாக இருந்திருந்தால் அப்படி ஒன்றையொன்று அழித்திருக்காது. கடையில் வேலை பார்க்கும் பையன் எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டான்.

இப்படி மூடி மறைப்பது விண்டோஸ் மட்டும் அன்று. லினக்ஸிலும் ஒலியைக் கையாளும் பைப்வயர் வழியாகவோ, ஒலிப்பதிவுக்கான ஏரெகார்டு கட்டளையில் 'ப்ளக்எச்டபிள்யூ' என்று கொடுத்தோ பதிவு செய்தால் இதே மாற்றம் சத்தமின்றி நடக்கும். 'எச்டபிள்யூ' என்று நேரடியாகக் கருவியைக் குறிப்பிட்டு 24 பிட் கேட்டால்தான், அந்த வடிவம் இல்லை, 16 பிட் மட்டுமே உண்டு என்று மறுத்துவிடும். சோதிப்பவர்கள் பின்னதையே பயன்படுத்துங்கள்.

பேந்தம் பவரைச் சோதிக்கக் கணினியே தேவையில்லை. மைக் இணைக்கும் மூன்று ஊசி எக்ஸ்எல்ஆர் செருகியில் ஒன்றாம் ஊசிக்கும் இரண்டாம் ஊசிக்கும் இடையே மல்டிமீட்டரை வைத்தால் 44 முதல் 52 வோல்ட்டுக்குள் காட்ட வேண்டும். என் பெட்டியில் 5 வோல்ட்டைத் தாண்டவில்லை. யூஎஸ்பியில் வரும் 5 வோல்ட்டை உயர்த்தித் தரும் சுற்றே உள்ளே கிடையாது, முன்பக்கத்தில் '48வி' என்று சிவப்பாக எரியும் விளக்கு மட்டும் இருக்கிறது.

கடைக்காரர் பணத்தைத் திருப்பித் தர மறுத்து, அதே விலைக்கு வேறு பொருள் எடுத்துக்கொள்ளச் சொன்னார். ரசீதின் அடியில் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' என்று அச்சிட்டிருப்பதையும் சுட்டிக்காட்டினார். அந்த வரிக்கு அவர் நினைக்கும் பலம் இல்லை. ரசீதில் காலவரை குறிப்பிடாத நிலையில், குறைபாடுள்ள பொருளை 30 நாளுக்குள் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதை முறையற்ற வணிக நடைமுறை என்றே 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வரையறுக்கிறது. இல்லாத தரத்தை இருப்பதாகச் சொல்லி விற்பதும் அதே வரையறைக்குள் வருகிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் முறையிடலாம். நாம் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்கலாம், ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. நான் ஸ்ட்ரீம்0 கோப்பின் நகல், மல்டிமீட்டரின் படம், அட்டைப்பெட்டியின் நான்கு பக்கப் படங்கள், ரசீது ஆகியவற்றை இணைத்துத் தஞ்சாவூர் ஆணையத்துக்கு மனு தயாரித்துவிட்டேன்.

வாங்கப் போகிறவர்கள், நிறுவாமலே இயங்கும் லினக்ஸை ஒரு பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு மடிக்கணினியுடன் கடைக்குச் செல்லுங்கள். பணம் கொடுப்பதற்கு முன் கருவியைச் செருகி ஸ்ட்ரீம்0 கோப்பைத் திறந்து பாருங்கள். அதற்குக் கடைக்காரர் ஒப்பவில்லையென்றால் அந்தப் பெட்டியை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.