தாத்தாவின் ஃபெல்ட் தொப்பி: சீர் செய்வதா, புதிதாகச் செய்து வாங்குவதா?

மேகமலை எஸ்டேட்டில் வேலை பார்த்த தாத்தா, பர்மாவிலிருந்து திரும்பிய பெரியப்பா, பட்டாளத்தில் இருந்த மாமா என்று யாராவது ஒருவர் விட்டுப்போன ஃபெல்ட் தொப்பி (ஃபெல்ட் என்பது நெய்யாமல், ரோமத்தையோ கம்பளியையோ அழுத்தி இறுக்கிய துணி) மதுரைப் பக்கத்துப் பரண்களில் இன்னும் கிடைக்கிறது. அதைக் கையில் எடுத்தவுடன் கேள்வி வரும்: இதைச் சரிசெய்து போட்டுக்கொள்ளலாமா, இல்லை தலைக்கு அளவு கொடுத்துப் புதிதாக ஒன்று செய்து வாங்கலாமா? ரெடிமேட் கம்பளி ஃபெல்ட் தொப்பி என்று மூன்றாவது வழியும் இருக்கிறது. என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தொப்பி முயல் ரோமத்தால் ஆனது, ஃபெல்ட்டில் உயிர் இருக்கிறது, அளவும் ஏறக்குறைய சரி என்றால் சீர் செய்வதுதான் மேல். அளவு பொருந்தாதபோதுதான் புதிது.

ஆனால் முதலில் அது ஃபெல்ட்தானா என்று பாருங்கள். பழைய பெட்டிகளில் கிடைக்கும் வெள்ளைக்காரத் தொப்பிகளில் பல துணி போர்த்திய நெட்டித் தொப்பியாக இருக்கும். தஞ்சாவூரில் கோயில் சிற்பம் செதுக்குகிற அதே வகை நெட்டிதான். அதற்கு ஆவி காட்டினால் ஊறிக் கெட்டுவிடும். இந்தக் கட்டுரையில் சொல்லும் எதையும் அதன்மேல் செய்யாதீர்கள்.

ஃபெல்ட் என்று உறுதியானதும், ரோமமா கம்பளியா என்பது அடுத்த கேள்வி. பதில் விரலிலேயே இருக்கிறது. முயல், காட்டு முயல், பீவர் (நீரில் வாழும் கொறிவிலங்கு) ரோமத்தில் செய்த ஃபெல்ட் மெலிசாக, இறுக்கமாக, தடவும்போது வழுவழுவென்று இருக்கும். விளிம்பை மடக்கிவிட்டால் தானாக நிமிரும். செம்மறிக் கம்பளி ஃபெல்ட் தடிமனாக, கொஞ்சம் சொரசொரப்பாக இருக்கும். நல்ல மழையில் ஒருமுறை நனைந்தால் தொய்ந்துபோகும், சுருங்கவும் செய்யும். ரோமத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத செதில்கள் உண்டு. வெந்நீரிலும் ஆவியிலும் போட்டு அழுத்தும்போது அவை ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு விடாமல் பிடித்துக்கொள்கின்றன. பெரிய கூம்பாகத் தொடங்குவது வேலை முடிவதற்குள் வெகுவாகச் சுருங்கி இறுகிவிடும். அந்த இறுக்கம்தான் பல பத்தாண்டுகள் தாங்குகிறது.

உள்ளே போர்சலினோ, ஸ்டெட்சன் என்று முத்திரை இருந்தால் நல்ல அறிகுறி. முதலாவது 1857இல் இத்தாலியின் அலெஸ்ஸாந்திரியாவிலும், இரண்டாவது 1865இல் பிலடெல்பியாவிலும் தொடங்கியவை. முத்திரையோடு தரத்தைக் காட்டப் போடும் எக்ஸ் (X) குறிகளை வைத்து இரண்டு கம்பெனித் தொப்பிகளை எடைபோடாதீர்கள். ஒவ்வொருவர் கணக்கும் வேறு.

இனி சீர் செய்வது. இதில் பயப்பட வேண்டிய விஷயத்தை முதலில் சொல்கிறேன். பழைய காலத்தில் ரோமத்தைப் பதப்படுத்தப் பாதரச உப்பைப் பயன்படுத்தினார்கள். அமெரிக்காவில் தொப்பித் தொழிலுக்குப் பேர்போன டான்பரி ஊரில் தொழிலாளிகளுக்கு வந்த கை நடுக்கத்துக்கு ஊர் பெயரையே வைத்துச் சொன்னார்கள். அங்கே 1941இல்தான் தடை வந்தது. அதனால் உங்கள் தொப்பி அந்தக் காலத்தியதாக இருக்கலாம் என்றால் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவே வேண்டாம். மொட்டைமாடியில் காற்றாட வைத்து, கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொண்டு வேலை பாருங்கள். குழந்தைகள் தலையில் வைத்து விளையாடக் கொடுக்காதீர்கள்.

அடுத்து, வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடியுங்கள். புள்ளி புள்ளியாக வெளிச்சம் தெரிந்தால் அந்துப்பூச்சியின் புழு உள்ளே வரை தின்றுவிட்டது என்று அர்த்தம். ஓரிரு புள்ளி பரவாயில்லை, ரிப்பனுக்கு அடியில் மறைந்துவிடும். மேல் மடிப்பில் நீளமான விரிசல் விட்டிருந்தால் ஆவி காட்டும்போது பிளந்துகொள்ளும்; அந்தத் தொப்பியை அப்படியே கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிடுவதே மரியாதை.

மற்றபடி பழைய தொப்பியில் முதலில் கெடுவது உள்ளே நெற்றியைச் சுற்றிப் படும் உள்பட்டைத் தோல்தான். வியர்வையும் சூடும் பட்டுக் காய்ந்து சுருங்கி, ஃபெல்ட்டையும் சேர்த்து இழுத்துவிடும். 58 செ.மீ. தலைக்குச் செய்த தொப்பி 57க்குக்கூட இறங்காமல் நிற்பது இதனால்தான். தோலைப் பிரித்து எடுத்ததும் ஃபெல்ட் மூச்சு விடும். புதுப் பட்டைக்கு வெளியூர் தேட வேண்டியதில்லை. திண்டுக்கல்லில் பதனிடும் ஆட்டுத்தோலில் மெல்லியதாக, சாயம் ஒட்டாததாகப் பார்த்து வாங்கி, கையால் தைக்கும் செருப்புக் கடைக்காரரிடம் கொடுக்கலாம். நான் கொடுத்தபோது, "அண்ணே, மெஷின்ல ஓட்டிடாதீங்க, பழைய ஓட்டையிலயே ஊசி போகணும்" என்றேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "தெரியும் தம்பி. பக்கத்துல பக்கத்துல புது ஓட்டை போட்டா தபால்தலை மாதிரி அந்தக் கோட்டுலயே கிழிஞ்சு வந்துரும்." தொப்பியே தைத்திராதவர், பொருளைப் பார்த்தவுடன் சொன்னது அது.

ரிப்பன் விஷயத்தில் பலர் ஏமாறுகிறார்கள். ஃபேன்சி ஸ்டோரில் கிடைக்கும் சாட்டின் ரிப்பன் உதவாது. குறுக்கே வரிவரியாக நெய்த, பருத்தியோ ரேயானோ கலந்த ரிப்பன் வேண்டும். ஈரத்துணி போட்டு அயர்ன் பாக்ஸை வளைவாக இழுத்தால் அதன் ஒரு ஓரம் சுருங்கி அரைவட்டமாகும். அப்போதுதான் மேலே குறுகும் தொப்பியில் இடைவெளி விடாமல் உட்காரும். பாலியஸ்டரில் இந்த வளைவு வரவே வராது.

வடிவத்தை மீட்க ஆவி போதும். இட்லிக் குண்டானில் தண்ணீர் கொதிக்கவிட்டு, தொப்பியைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துச் சுற்றிக்கொண்டே இருந்தால் ஃபெல்ட் கையில் இளகும். விறைப்புக்காக உள்ளே ஏற்றிய அவலரக்கு சூட்டில் நெகிழ்வதும் இதற்கு உதவுகிறது. மரவேலைக்காரர்கள் ஸ்பிரிட்டில் கரைத்துப் பாலிஷ் போடும் அதே அரக்குதான். நினைத்தபடி மடிப்பை வைத்து, ஆறும்வரை அசைக்காமல் விட வேண்டும். மொத்த வடிவமும் போயிருந்தால் தொப்பியை மாட்டி வடிவம் கொடுக்கத் தலை வடிவ மர அச்சுக்கட்டை வேண்டும். கடைசலில் கொடுத்தால் வட்டமாக வந்துவிடும், மனிதத் தலையோ நீள்வட்டம். கதவு செதுக்குகிற ஆசாரியிடம் போங்கள்.

எண்ணெய்க் கறைக்கு முல்தானி மிட்டியைத் தூவி ஒரு ராத்திரி வைத்துத் தட்டலாம், வெளிர் நிறத் தொப்பிக்கு மட்டும். ரிப்பனைத் தாண்டி வெளியே வந்துவிட்ட வியர்வைக் கறை முழுதாகப் போகாது. கொஞ்சம் அகலமான ரிப்பன் போட்டு மறைப்பதே வழி.

புதிதாகச் செய்து வாங்குவதைப் பற்றி ஒன்று தெரிந்திருக்க வேண்டும். கைவேலைத் தொப்பிக்காரர்களில் பெரும்பாலோர் ஃபெல்ட்டைத் தாங்களே செய்வதில்லை. போர்ச்சுகல், செக் குடியரசு போன்ற இடங்களிலுள்ள சில ஆலைகளிலிருந்து வடிவமில்லாத கூம்பாக வாங்கி, அச்சில் ஏற்றி, விளிம்பு வெட்டி, பட்டை தைத்துத் தருகிறார்கள். அதனால் நீங்கள் பணம் கொடுப்பது பொருத்தத்துக்கும் கைவேலைக்கும். நெற்றி அகலம், பின்மண்டை நீட்டல் என்று தலை வடிவம் கொஞ்சம் விலகியவர்களுக்கு ரெடிமேடில் எப்போதும் ஓரிடத்தில் இறுக்கும், இன்னோரிடத்தில் இடைவெளி விடும். அவர்களுக்கு இதற்குக் கொடுக்கும் பணம் ஒவ்வொரு ரூபாயும் தகும். பழைய தொப்பியை ஒரு செ.மீ.க்கு மேல் பெரிதாக்க முயல்வது ஃபெல்ட்டை வதைப்பதுதான் என்பதால், அளவு எட்டாதவர்களுக்கும் இதுவே வழி. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சுங்கவரியையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆர்டர் கொடுக்கும்போது நம் ஊர் வெயிலைச் சொல்லியாக வேண்டும். சித்திரையில் 40 டிகிரியைத் தொடும் மதுரையில் தடித்த கௌபாய் ஃபெல்ட் தாங்காது. மெல்லிய எடை, வெளிர் நிறம், உள்ளே பட்டு லைனிங் இல்லாமல் கேளுங்கள். அப்படியும் அது மார்கழிக் காலைக்கும், 2,100 மீட்டர் உயரக் கொடைக்கானலுக்கும்தான் சுகம். பகல் வெயிலுக்கு ஓலைத் தொப்பியை மிஞ்ச எதுவும் கிடையாது.

ரெடிமேட் கம்பளித் தொப்பியைக் கல்யாண போட்டோவுக்கோ நாடகத்துக்கோ வாங்குங்கள். தொய்ந்தபின் அதைச் சீர் செய்யச் செலவழிக்காதீர்கள்.

புதிதுதான் என்று முடிவானால், டேப் அளவோடு நிறுத்திவிடாதீர்கள். புருவத்துக்கு மேல் நெற்றி நடுவிலும் காதுக்கு மேலும் சுற்றி அளந்தபின், வளையும் ஈயக்கம்பியை அதே இடத்தில் தலையோடு அழுத்தி, வடிவம் கலையாமல் எடுத்து, காகிதத்தில் வைத்துக் கோடு போடுங்கள். முன்பக்கம் எது என்று குறித்து அந்தக் காகிதத்தையும் அனுப்புங்கள். 19ஆம் நூற்றாண்டில் பாரிஸில் இதற்கென்றே தலையில் கவிழ்க்கும் கருவி செய்தார்கள். அது கிடைக்காத இடத்தில் ஈயக்கம்பியே அந்த வேலையைச் செய்துவிடும்.