ரெஸ்யூமே போட்டோ: இந்த முறை என் முகம் எனக்கே கிடைத்தது

திருச்சியில் வேலைக்கு அப்ளை பண்ண நல்ல போட்டோ எங்கே எடுக்கலாம் என்று யாராவது கேட்டால், இனி யோசிக்காமல் உறையூர் ஸ்டூடியோவைத்தான் சொல்வேன். நாச்சியார் கோயில் ஸ்டாப்பில் இறங்கி நடந்தே போய்விடலாம். மாடிப்படி செங்குத்து, ஏசி கிடையாது, உட்கார நாலு பிளாஸ்டிக் நாற்காலிதான். ஆனாலும் போங்கள்.

முதலில் வேறொரு இடத்தில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன், அது தெரிந்தால்தான் இந்த ஸ்டூடியோக்காரரை ஏன் இவ்வளவு பாராட்டுகிறேன் என்பது புரியும். பி.காம். முடித்து ஐந்து வருடமாக ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு பார்க்கிறேன். டேலி, ஜிஎஸ்டி ரிட்டர்ன், பேங்க் கணக்கைச் சரிபார்ப்பது, இதுதான் என் வேலை. துபாய்க்கு முயற்சி செய்யலாம் என்று கன்சல்டன்சியில் கேட்டபோது, "போட்டோ வைத்த சிவி வேண்டும், கோட் போட்டு, வெள்ளை பேக்ரவுண்டில்" என்றார்கள். வளைகுடா வேலைகளுக்கு அதுதான் வழக்கம். சரி என்று கண்ணில் பட்ட முதல் ஸ்டூடியோவுக்குள் நுழைந்தேன். இரண்டு நிமிடத்தில் எடுத்து, பத்து நிமிடத்தில் கவரைக் கையில் கொடுத்துவிட்டார்கள்.

வீட்டில் வந்து பிரித்தால், முகத்துக்கு நன்றாக வெள்ளை ஏற்றியிருக்கிறார்கள். கழுத்து என் நிறத்தில் இருக்கிறது, முகம் வேறு யாருடைய நிறத்திலோ இருக்கிறது. சின்ன வயதில் விழுந்து நெற்றியில் மூன்று தையல் போட்ட தழும்பைக் காணவில்லை. கோட் நான் போடவே இல்லை, கம்ப்யூட்டரில் ஒட்டியது. அதன் காலர் கழுத்தில் படியாமல் ஒரு நூல் தள்ளி நின்றது, அந்தச் சந்தில் நான் போட்டிருந்த கட்டம் போட்ட சட்டை தெரிந்தது. அம்மா வாங்கிப் பார்த்துவிட்டு "யாருடா இது?" என்று கேட்டார். திரும்பப் போய், நிறத்தை மட்டுமாவது பழையபடி மாற்றித் தாருங்கள் என்று கேட்டேன். "எல்லாருக்கும் இப்படித்தான் சார் பண்றோம், கொஞ்சம் கலரா இருந்தாத்தான் நல்லது" என்று பதில் வந்தது. அந்த வார்த்தை இரண்டு நாள் என்னை விடவில்லை. கறுப்பாக இருப்பதைக் குறை என்று காசு வாங்கிக்கொண்டு திருத்தித் தருகிறார்கள், நாமும் பேசாமல் வாங்கி வந்துவிடுகிறோம். வேலை கொடுக்கிறவர் நாளைக்கு வீடியோ காலில் நம்மைப் பார்க்கத்தானே போகிறார்? சிவியில் ஒரு முகம், திரையில் ஒரு முகம் என்றால் முதல் நிமிடமே சந்தேகத்தில்தான் தொடங்கும்.

உறையூர் ஸ்டூடியோவை அலுவலக நண்பர் ஒருவர் சொன்னார். நான் போனபோது எனக்கு முன்னால் ஜெர்மனிக்குப் போகப்போகும் ஒரு நர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தார். என் முறை வந்ததும் ஸ்டூடியோக்காரர் உடனே கேமராவைத் தொடவில்லை. "தம்பி, எதுக்கு போட்டோ? எந்த நாட்டுக்கு?" என்றுதான் கேட்டார். இந்தக் கேள்வியை இதற்கு முன் யாரும் என்னிடம் கேட்டதில்லை. ஆனால் விஷயமே அதில்தான் இருக்கிறது. ஜெர்மனியில் 2006-ல் சம நடத்தைச் சட்டம் வந்த பிறகு நிறுவனங்கள் போட்டோவைக் கட்டாயமாகக் கேட்பதைத் தவிர்க்கின்றன, ஆனாலும் வைப்பவர்கள் இன்னும் நிறையப் பேர். ஜப்பானில் ரெஸ்யூமே படிவத்திலேயே போட்டோவுக்குக் கட்டம் உண்டு. அமெரிக்கா, பிரிட்டன், கனடா என்றால் வைக்கவே கூடாது. நிறம், வயது, ஆணா பெண்ணா என்று பார்த்து ஆளைக் கழித்துவிடக் கூடாது என்பதற்காக அங்கே தவிர்க்கிறார்கள். டொராண்டோவில் இருக்கும் என் சித்தப்பா பையன் இங்கிருந்து கொண்டுபோன ரெஸ்யூமேயிலிருந்து முதலில் நீக்கியதே போட்டோவைத்தான். நம் ஊர் ஐடி கம்பெனிகளுக்கும் தேவையில்லை. லிங்க்ட்இன்னில் இருந்தால் போதும்.

சரி, அன்றைக்கு நடந்ததற்கு வருகிறேன். முகம் கழுவிவிட்டு வரச் சொன்னார். பவுடர் போடவில்லை, காட்டன் துண்டால் எண்ணெயை ஒற்றி எடுத்ததோடு சரி. வெள்ளைச் சட்டையோடு போயிருந்தேன், வெள்ளைத் திரைக்கு முன்னால் தோள் எங்கே முடிகிறது என்றே தெரியாது என்று அவருடைய வெளிர்நீலச் சட்டை ஒன்றைக் கொடுத்தார். ஆணியில் மூன்று கோட் தொங்கியது, என் தோளுக்குப் பொருந்துகிற ஒன்றை எடுத்து, முதுகுப் பக்கம் லூசாக இருந்ததைத் துணி கிளிப் இரண்டு போட்டு இழுத்துப் பிடித்தார். முன்னாலிருந்து பார்த்தால் தைத்து வாங்கியதுபோல் இருந்தது. என் கண்ணாடியில் லைட் பளபளத்தது. காதுப் பக்கம் கம்பியை அரை விரல் உயர்த்தி வைத்தார், பளபளப்பு போய்விட்டது. உடம்பைக் கொஞ்சம் திருப்பி, முகத்தை மட்டும் நேராக வைக்கச் சொன்னார். இருபது படத்துக்கு மேல் எடுத்திருப்பார். என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து, எது வேண்டும் என்று என்னையே தேர்ந்தெடுக்கச் சொன்னார்.

அப்புறம்தான் எடிட்டிங். கன்னத்தில் அந்த வாரம் வந்திருந்த பருவைப் பெரிதாக்கிக் காட்டி, "இது அடுத்த வாரம் இருக்காது, எடுத்திடறேன். நெத்தித் தழும்பு உங்களோடது தம்பி, அது இருக்கட்டுமா?" என்று கேட்டார். இருக்கட்டும் அண்ணே என்றேன். நிறத்தில் கையே வைக்கவில்லை. திரையில் பார்த்தபோது என் அப்பாவின் சாயல் எனக்கு இவ்வளவு இருக்கிறதா என்று தோன்றியது.

மொத்தம் 400 ரூபாய். 3.5-க்கு 4.5 சென்டிமீட்டரில் 8 பிரிண்ட், அதோடு மூன்று அளவில் சாஃப்ட் காப்பி. ஒன்று முழு அளவு. ஒன்று லிங்க்ட்இன்னுக்குச் சதுரமாக, அது வட்டமாக வெட்டும்போது தலைமுடி போய்விடாமல் சுற்றி இடம் விட்டது. இன்னொன்று பேங்க் எக்ஸாம் நடத்தும் ஐபிபிஎஸ் கேட்கிற 200-க்கு 230 பிக்சலில், 20 முதல் 50 கேபிக்குள். பேங்க் எக்ஸாமுக்கு அப்ளை செய்கிறவர்கள் கடைசி நாள் ராத்திரியில் இந்த கேபி கணக்கோடு மல்லுக்கட்டுவது எனக்கு நன்றாகவே தெரியும். எல்லாவற்றையும் மெயிலில் அனுப்பினார். வாட்ஸ்அப்தான் வேண்டும் என்றால் டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள், போட்டோவாக அனுப்பினால் தரம் குறைந்துவிடும்.

குறையும் இருக்கிறது. போன மாதம் தங்கையை அழைத்துக்கொண்டு போனேன். பெண்களுக்கு ஒரே ஒரு கோட்தான் வைத்திருக்கிறார், அதுவும் அவளுக்கு ரொம்பப் பெரிசு. எத்தனை கிளிப் போட்டும் தோள் இறங்கியே இருந்தது. கடைசியில் கோட் இல்லாமல் காலர் வைத்த குர்தாவோடு எடுத்தோம், படம் நன்றாகவே வந்தது. உடை மாற்ற ஒரு திரைச்சீலைதான் இருக்கிறது, தாழ்ப்பாள் போட்ட அறை கிடையாது. இதை அவரிடமே சொன்னேன். பின்னால் ஸ்டோர் ரூமை ஒழித்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். பெண்கள் போவதாக இருந்தால் இப்போதைக்கு வீட்டிலேயே உடுத்திக்கொண்டு போவது நல்லது. முகூர்த்த நாட்களில் அவர் கல்யாணத்துக்குப் போய்விடுவார், பையன் மட்டும்தான் இருப்பான், அதனால் போன் செய்துவிட்டுப் போங்கள். ஞாயிறு சாயங்காலம் முக்கால் மணி நேரமாவது காத்திருக்க வேண்டும், வார நாளில் காலை பத்தரைக்குப் போனால் கூட்டமே இருக்காது.