வால்பாறை மலைப்பாதையில் ஸ்விஃப்ட்: டயர் ரொட்டேஷனை விடாமல் செய்ததில் தெரிந்தவை

பொள்ளாச்சிக்காரன். வேலைக்காக வால்பாறைக்கு அடிக்கடி ஏறி இறங்குகிறேன். வண்டி ஸ்விஃப்ட் விஎக்ஸ்ஐ பெட்ரோல், டயர் 165/80 ஆர்14. புதுசாகப் போட்ட நாளிலிருந்து ஒரு முழு செட்டை ரொட்டேஷன் செய்தே, அதாவது டயர்களை முன்னும் பின்னும் இடம் மாற்றிப் போட்டே ஓட்டி முடித்து, இப்போது இரண்டாவது செட்டும் பாதிக்கு மேல் ஓடிவிட்டது. ரொட்டேஷன் என்றாலே டயர் கூடக் கொஞ்ச நாள் உழைக்கும், காசு மிச்சம் என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. காசு மிச்சமாவது உண்மைதான். ஆனால் ஆனி ஆடி மழையில் மலை இறங்குகிறவனுக்கு அதைவிடப் பெரிய விஷயம் பின் டயர் ரோட்டைப் பிடிக்கிறதா என்பது.

ஆழியாறு தாண்டினால் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஸ்விஃப்டில் இன்ஜின் பாரம் முன்னால், இழுக்கிறதும் முன் சக்கரம், திரும்புகிறதும் முன் சக்கரம், பிரேக் மிதித்தால் எடை பெரும்பாலும் சாய்கிறதும் அதன் மேல்தான். பின் சக்கரம் பெரும்பாலும் சும்மா உருண்டு வருகிறது. அதனால் முன் டயர் பட்டன் (ரோட்டில் படுகிற ரப்பர் கட்டைகள்) சீக்கிரம் தேய்கிறது, அதுவும் மலையில் ஓரம் முதலில் போகிறது. பொதுவாக 8,000 முதல் 10,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை மாற்றச் சொல்வார்கள். நான் மலை ஓட்டத்தைக் கணக்கில் வைத்து 7,000 வாக்கிலேயே மாற்றிவிடுகிறேன்.

பட்டன் ஆழம் பார்க்க ஒரு சின்ன கேஜ் இருக்கிறது, ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும், வாங்கி டேஷ்போர்டில் போட்டு வைத்திருக்கிறேன். 7,000 ஓடியதும் அளந்தால் முன்னுக்கும் பின்னுக்கும் ஒரு மில்லிமீட்டர் அளவுதான் வித்தியாசம் இருக்கும். அந்தச் சமயத்தில் மாற்றினால் அடுத்த சுற்று ஓடி முடிவதற்குள் நாலும் திரும்ப ஏறக்குறைய ஒரே அளவுக்கு வந்துவிடும். முன் டயர் இரண்டும் நேராகப் பின்னுக்கு, பின் டயர் இரண்டும் குறுக்கே இடம் மாறி முன்னுக்கு. முன் சக்கரம் இழுக்கும் வண்டிக்கு இதுதான் முறை. டயர் பக்கவாட்டில் அம்புக்குறி போட்டிருந்தால் மட்டும் குறுக்கே மாற்றக் கூடாது, அதே பக்கத்தில் முன் பின்னாகத்தான்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. ரொட்டேஷனைத் தள்ளிப்போட்டு, முன் டயர் மொட்டையாகப் போகிற நேரத்தில் "சரி, பின்னால் போட்டு ஓட்டிவிடலாம்" என்று மாற்றுகிறார்கள். அது மாற்றாமல் விடுவதை விட மோசம். முன் டயர் வழுக்கினால் ஸ்டியரிங் லேசாகிப் போவது கையிலேயே தெரியும், ஆக்சிலேட்டரில் இருந்து காலை எடுத்தால் பெரும்பாலும் திரும்பப் பிடித்துக்கொள்ளும். பின் டயர் வழுக்கினால் அப்படி இல்லை, கையில் எந்த முன்னறிவிப்பும் வராது, வால் பக்கம் வெளியே வீசி வண்டி சுற்ற ஆரம்பித்த பிறகுதான் நமக்குத் தெரியும், அந்த நேரத்தில் பயத்தில் பிரேக்கை மிதித்தால் இன்னும் வேகமாகச் சுற்றும். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம் இருக்கிற ரோட்டில் இதற்கு இடமே கிடையாது. ஆகவே வித்தியாசம் ஏற்கெனவே அதிகமாகிவிட்டது என்றால் ரொட்டேஷன் வேண்டாம், நல்ல டயர் பின்னாலேயே இருக்கட்டும், தேய்ந்த இரண்டையும் கழற்றிவிட்டுப் புதுசு வாங்குங்கள். அந்தப் புதுசும் பின்னால்தான் போக வேண்டும். பின்னால் இருந்தது முன்னுக்கு வரட்டும். டயர் கடையில் புது டயரைக் கேட்காமலேயே முன்னால் மாட்டுவது சர்வ சாதாரணம், பக்கத்தில் நின்று சொல்லி வாங்குங்கள்.

டயரில் டி.டபிள்யூ.ஐ. என்ற எழுத்துக்கு நேராகக் காடிக்குள் (பட்டன்களுக்கு இடையில் இருக்கும் பள்ளம்) ஒரு சின்ன மேடு இருக்கும், அதன் உயரம் 1.6 மில்லிமீட்டர், பட்டன் அந்த மட்டத்துக்கு வந்தால் டயர் முடிந்தது என்று அர்த்தம். ஆனால் தண்ணீரை வெளியே தள்ளும் வேலை அதற்கு வெகு முன்பே குறைந்துவிடுகிறது. நான் 3 மில்லிமீட்டரிலேயே நாலையும் மாற்றினேன். முதல் செட் 40,000 கிலோமீட்டரைத் தாண்டித்தான் அந்த நிலைக்கு வந்தது, நாலும் ஏறக்குறைய ஒன்றாக வந்தது. மலை ஓட்டத்துக்கு இது எனக்குத் திருப்தி.

இன்னொரு லாபம், சக்கரத்தைக் கழற்றும்போதுதான் டயரின் உள்பக்கம் கண்ணுக்குத் தெரிகிறது. வெளியில் நின்று பார்த்தால் பட்டன் புதுசு போல இருக்கும், உள் ஓரம் மட்டும் தேய்ந்து போயிருக்கும். ஒரு தடவை இடது முன் டயரைக் கழற்றி வைத்துக் குறுக்கே உள்ளங்கையை ஓட்டிப் பார்த்தேன், ஒரு பக்கமாகத் தடவினால் வழுவழுவென்று போகிறது, எதிர்ப்பக்கமாகத் தடவினால் அரம் மாதிரி சுரண்டுகிறது. அது அலைன்மெண்ட், அதாவது சக்கரங்கள் நிற்கும் கோணம், விலகியதற்கான அடையாளம். அன்றே சரி செய்ததால் அந்த டயர் தப்பித்தது, இல்லாவிட்டால் இடம் மாற்றிப் போட்டும் பிரயோஜனம் இருந்திருக்காது, முன்னுக்கு வருகிற அடுத்த டயரும் அதே மாதிரிதான் தேய்ந்திருக்கும். காடியில் சிக்கிய ஜல்லி, உள்ளே ஏறியும் காற்று இறங்காமல் இருக்கும் ஆணி, உள்பக்கச் சுவரில் வெட்டு, எல்லாம் அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

ஸ்டெப்னி விஷயம். அதுவும் அதே அளவு என்றால் புதுசிலிருந்தே ஐந்தையும் சுற்றில் விடலாம். பாதியில் ஆரம்பிக்க வேண்டாம், ஒரு பக்கம் புது ஸ்டெப்னி, மறுபக்கம் தேய்ந்த டயர் என்று ஒரே அச்சில் வரும். அலாய் வீல் போட்ட வண்டிகளில் ஸ்டெப்னி சின்ன அளவாக இருந்தால் அதைச் சேர்க்கவே கூடாது.

செலவு என்று பார்த்தால் அலைன்மெண்ட், பேலன்சிங் சேர்த்து எனக்கு ஆயிரம் ரூபாய் வாக்கில் ஆகிறது. டயர் இடம் மாறியதும் காற்றைக் கதவோர ஸ்டிக்கரில் போட்டிருக்கும் அளவுக்குச் சரி பார்க்கச் சொல்லுங்கள், முன்னுக்கும் பின்னுக்கும் அளவு வேறாக இருக்கலாம். அப்புறம் நட்டு. நட்டு முறுக்கும் கன் மெஷினை வைத்து ஒரேயடியாக முறுக்கிவிட்டால் நடுவழியில் பஞ்சர் ஆகும்போது வண்டியோடு வந்த ஸ்பேனருக்கு அது அசையாது. கையால் குறுக்கு மறுக்காக இறுக்கி, கடைசியில் டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து முறுக்கும் ஸ்பேனர்) வைத்து முடிக்கச் சொல்லுங்கள், 50, 100 கிலோமீட்டர் ஓடியதும் இன்னொரு தடவை இறுக்கம் பார்த்துவிட்டு மலை ஏறுங்கள்.