ஆப் ஸ்டோர் வழியாகச் சந்தா விற்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

மொபைல் ஆப் ஒன்றைச் செய்து, அதற்குள்ளேயே சந்தா விற்றுப் பிழைக்கலாம் என்று திட்டமிடுபவர்களுக்காக இதை எழுதுகிறேன். எல்லோரும் முதலில் பார்ப்பது ஸ்டோர் தன் பங்காகப் பிடித்துக்கொள்ளும் கமிஷனைத்தான். 30 சதவீதமா, 15 சதவீதமா என்று கணக்குப் போட்டு, விலையைச் சற்று ஏற்றி வைத்தால் சரியாகிவிடும் என்று முடிவு செய்கிறார்கள். கமிஷன் வலிக்கத்தான் செய்யும், ஆனால் அதைத் தாங்கிக்கொள்ளலாம். பணம் வாங்கும் உரிமை ஸ்டோரின் கைக்குப் போகும்போது வாடிக்கையாளரும் கூடவே போய்விடுகிறார். எங்களைச் சாய்த்தது அதுதான்.

நானும் ஒரு நண்பரும் சேர்ந்து, தேர்வுக்குப் படிப்பவர்களுக்காக ஒரு ஆப் நடத்துகிறோம். கேள்வி ஒரு பக்கம், விடை மறுபக்கம் என்று அட்டைகள் இருக்கும். எந்த அட்டை எப்போது மறந்துபோகும் என்று கணித்து, அந்த நேரத்தில் ஆப் அதைத் திரும்பக் காட்டும். இலவசமாகவும் பயன்படுத்தலாம். வருடச் சந்தா கட்டினால் போன், லேப்டாப் எல்லாவற்றிலும் அதே அட்டைகள் கிடைக்கும். இதே சந்தாவை எங்கள் இணையதளத்தில் குறைந்த விலைக்கு வாங்கலாம், அங்கே கமிஷன் இல்லையே. ஆனால் இந்தத் தகவலை ஆப்புக்குள் எங்கும் சொல்லக் கூடாது என்பது எங்கள் ஆப் இருக்கும் ஸ்டோரின் விதி. நாங்களும் சொல்லவில்லை.

போனின் இயங்குதளத்துக்குப் புதிய பதிப்பு வந்தது. படம் வைத்த அட்டைகளைத் திறந்தாலே எங்கள் ஆப் மூடிக்கொண்டது. கோளாறைக் கண்டுபிடித்துத் திருத்தி உடனே அப்டேட்டை அனுப்பினோம். ஸ்டோர் அதை நிராகரித்தது. அவர்கள் சொன்ன காரணத்துக்கும் கோளாறுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. உதவிப் பக்கத்தில் எங்கள் இணையதளத்துக்கு ஒரு லிங்க் இருந்தது. அதைத் தொட்டு, அங்கிருந்து மெனுவைத் திறந்து, இன்னும் ஒரு பக்கம் போனால் விலைப்பட்டியல் வரும். இது வெளியே பணம் கட்டத் தூண்டுவதாகும் என்றார்கள். அதே லிங்கோடுதான் அதற்கு முந்தைய அப்டேட்கள் எல்லாம் அனுமதி பெற்றிருந்தன. மேல்முறையீடு செய்தோம். முதலில் வந்த அதே வாசகமும் அதே விதி எண்ணும் திரும்பி வந்தன.

லிங்க்கை எடுத்துவிட்டு மீண்டும் அனுப்பினோம். இந்த முறை வேறு காரணம். கணக்குப் பக்கத்தில், "உங்கள் அட்டைகளை இணையதளத்திலும் படிக்கலாம்" என்று ஒரு வரி இருந்தது. அதையும் எடுக்கச் சொன்னார்கள். எடுத்தோம். இப்படி ஒவ்வொரு காரணமாக வந்துகொண்டிருந்த அத்தனை நாளும் மாணவர்களின் கையில் இருந்தது ஓடாத ஆப். தேர்வு நெருங்கும் காலம் அது. வருடம் முழுக்க அவர்கள் சேர்த்து வைத்த பட அட்டைகளைப் போனில் திறக்க முடியவில்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டு மெயில்கள் வரத் தொடங்கின. கேட்டதில் முழு நியாயம் இருந்தது. கொடுக்கவும் தயாராக இருந்தோம். ஆனால் அந்த ஸ்டோரில் ரீஃபண்ட் தரும் அதிகாரம் ஆப்பைச் செய்த டெவலப்பருக்குக் கிடையாது. யார் எந்தக் கார்டில் பணம் கட்டினார், அவர் பெயர் என்ன, மெயில் முகவரி என்ன என்று எதையும் ஸ்டோர் எங்களுக்குத் தருவதில்லை. எங்கள் திரையில் தெரிவது மொத்தத் தொகையும் சில எண்களும்தான். "ஸ்டோரில் விண்ணப்பியுங்கள், முடிவு அவர்களுடையது" என்று பதில் எழுதும்போது, தட்டிக்கழிப்பவன் எழுதும் பதில் போலத்தான் எனக்கே அது தெரிந்தது. ஒரு மாணவி, "வாங்கத் தெரிந்த உங்களுக்குத் திருப்பித் தரத் தெரியாதா?" என்று கேட்டிருந்தார். ஆப்பின் ரிவ்யூ பக்கத்தில் ஒற்றை நட்சத்திரங்கள் குவிந்தன. ஸ்டோரின் பெயரை அங்கே யாரும் எழுதவில்லை. எல்லாத் திட்டும் எங்களுக்குத்தான்.

ரீஃபண்ட் கோரிக்கைகள் ஒரே நேரத்தில் கூடியதும், எங்கள் கணக்கில் "வழக்கத்துக்கு மாறான நடவடிக்கை" தெரிவதாகச் சொல்லி, வர வேண்டிய பணத்தை நிறுத்தி வைத்தார்கள். அவர்கள் அப்டேட்டைத் தடுத்தார்கள், அதனால் கோளாறு நீண்டது, அதனால் மாணவர்கள் ரீஃபண்ட் கேட்டார்கள், அதனால் பணம் நின்றது. இந்தச் சங்கிலியை விளக்கி எழுதிய மெயில்களுக்கு வந்ததெல்லாம் அச்சடித்த பதில்கள். சர்வர் வாடகையைச் சொந்தச் சேமிப்பிலிருந்து கட்டினோம். கடைசியில் அப்டேட்டும் வெளிவந்தது, பணமும் ரீஃபண்ட் தொகை கழிந்து வந்து சேர்ந்தது. ஏன் நிறுத்தினார்கள், ஏன் விடுவித்தார்கள் என்று ஒரு வரி விளக்கம்கூட இல்லை. போன மாணவர்களில் பலர் திரும்பி வரவில்லை.

எங்களுக்கு மட்டும் நடந்த விபத்தாக இருந்தால் இதைப் பொதுவில் எழுதியிருக்க மாட்டேன். 2020 ஜூனில் ஹே என்ற மின்னஞ்சல் ஆப்பின் திருத்த அப்டேட்டை ஆப்பிள் நிராகரித்தது. ஆப்புக்குள் சந்தா விற்காமல் இணையதளத்தில் மட்டும் விற்றார்கள் என்பதே குற்றம். அதே ஆண்டு ஆகஸ்டில், வலைப்பதிவு எழுத உதவும், எதையுமே விற்காத வேர்ட்பிரஸ் ஆப்பின் அப்டேட்டையும் நிறுத்தினார்கள். எதிர்ப்பு கிளம்பிய பிறகு அதற்கு மன்னிப்புக் கேட்டார்கள். 2024 மார்ச் 1 அன்று, கட்டணத் தகராறில் பாரத் மேட்ரிமோனி, நௌக்ரி உள்ளிட்ட இந்திய நிறுவனங்களின் ஆப்களைக் கூகுள் ப்ளே ஸ்டோரிலிருந்து நீக்கியது. மத்திய அரசு தலையிட்டதும் சில நாட்களில் அவை திரும்பின. இவர்களுக்கெல்லாம் குரல் இருந்தது. இரண்டு பேர் நடத்தும் ஆப்புக்காக எந்த அமைச்சரும் பேச மாட்டார்.

ஸ்டோர்காரர்கள் சொல்லும் நியாயத்தையும் நான் தள்ளிவிடவில்லை. மோசடி ஆப்களை வடிகட்டுகிறார்கள், கோப்புகளை உலகம் முழுக்கக் கொண்டு சேர்க்கிறார்கள், பல நாடுகளில் விற்பனை வரியை அவர்களே வசூலித்துக் கட்டுகிறார்கள். கடைசியாகச் சொன்னது சிறு டெவலப்பருக்கு உண்மையிலேயே பெரிய உதவி. முன்பின் தெரியாத ஆப்புக்குக் கார்டு எண்ணைத் தரத் தயங்கும் வாடிக்கையாளர், ஸ்டோரை நம்பித்தான் பணம் கட்டுகிறார் என்பதும் மெய். ஆனால் கமிஷன் இந்தச் சேவைகளுக்கான கூலி என்றால், டாக்ஸி கூப்பிடும் ஆப்பும் துணி விற்கும் ஆப்பும் ஏன் அதைக் கட்டுவதில்லை? அவையும் இதே பரிசோதனையைக் கடந்து, இதே ஸ்டோரிலிருந்துதான் இறங்குகின்றன. கையில் தொடக்கூடிய பொருளுக்கும் நேரில் செய்யும் சேவைக்கும் கமிஷன் பூஜ்யம். பாடம், விளையாட்டு, சந்தா போன்ற டிஜிட்டல் சரக்குக்கு மட்டும் பெரும்பாலும் 15 அல்லது 30. சரக்கைப் பார்த்து மாறும் இந்தத் தொகையைப் பரிசோதனைக் கூலி என்று என்னால் ஏற்க முடியவில்லை.

ஆப்பிளின் ஸ்டோர் 2008 ஜூலையில் திறந்தபோதே 100-க்கு 30 என்ற கணக்கு வந்துவிட்டது. சிறு டெவலப்பர்களுக்கு 15 சதவீதம் என்று இறங்கியது 2021-இல்தான், அதுவும் ஃபோர்ட்நைட் விளையாட்டை நடத்தும் எபிக் கேம்ஸ் நிறுவனம் 2020 ஆகஸ்டில் ஆப்பிள், கூகுள் இரண்டின் மீதும் வழக்குப் போட்ட பிறகு. வெளியே ஒரு கட்டணச் சேவை மூலம் வாடிக்கையாளரிடம் நேரடியாகப் பணம் வாங்கினால் 100-க்குச் சுமார் 3 போகும். வரிப் பொறுப்பையும் ஏற்றுக்கொள்ளும் சேவை என்றால் இன்னும் கொஞ்சம் கூடும். போட்டி இருக்கும் இடத்தில் இந்த வேலைக்கு என்ன விலை என்பது அதிலிருந்தே தெரிகிறது.

"இப்போதுதான் நிறைய நாடுகளில் சட்டம் வந்துவிட்டதே, வெளியே பணம் வாங்கலாமே" என்று சிலர் ஆறுதல் சொல்கிறார்கள். இந்த இடத்தில்தான் மிகவும் கவனமாக இருக்கச் சொல்வேன். தென் கொரியா 2021 ஆகஸ்டில், ஸ்டோரின் கட்டண முறையை டெவலப்பர் மீது திணிக்கக் கூடாது என்று உலகிலேயே முதல்முறையாகச் சட்டம் நிறைவேற்றியது. அங்கே வெளிக் கட்டணத்துக்கு ஆப்பிள் வைத்த கமிஷன் 26 சதவீதம். நெதர்லாந்தில் டேட்டிங் ஆப்களுக்கு வெளிக் கட்டண அனுமதி கொடுக்க வேண்டி வந்தபோது 27. அமெரிக்காவில், எபிக் வழக்கில் வெளி லிங்க்கை அனுமதிக்கச் சொன்ன நீதிமன்ற உத்தரவு 2024 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. லிங்க் வைக்கலாம், ஆனால் லிங்க் வழியே போய் ஏழு நாளுக்குள் வாங்கினால் அதிலும் 27 சதவீதம் என்றார்கள். கட்டணச் சேவையின் 3 சதவீதத்தையும் கூட்டினால் பழைய 30-க்கே வந்து நிற்கும். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்கவில்லை. லிங்க்கைத் தொட்டதும், வெளியே போனால் பாதுகாப்புக்கு நாங்கள் பொறுப்பல்ல என்று திரை முழுக்க மிரட்டும் எச்சரிக்கை வேறு. 2025 ஏப்ரலில் அந்த வழக்கின் நீதிபதி கொன்சாலெஸ் ரோஜர்ஸ், ஆப்பிள் வேண்டுமென்றே தன் உத்தரவை மீறியது என்று தீர்ப்பளித்தார். அதே மாதம் ஐரோப்பிய ஆணையம், வெளியே இருக்கும் சலுகையைப் பயனருக்குச் சொல்லவிடாமல் தடுத்ததற்காக ஆப்பிளுக்கு 50 கோடி யூரோ அபராதம் விதித்தது.

என்னைக் கேட்டால், ஸ்டோர் தன் இடத்துக்கும் பரிசோதனைக்கும் கட்டணம் வாங்கட்டும், அது எல்லா ஆப்புக்கும் ஒரே அளவுகோலில் இருக்கட்டும். விலை என்ன என்று என் வாடிக்கையாளரிடம் நான் சொல்வதைத் தடுக்கும் உரிமை அதற்கு இருக்கக் கூடாது. கோளாறு திருத்தும் அப்டேட்டைப் பணத் தகராறுக்குப் பிணையாக வைப்பதைச் சட்டமே தடை செய்ய வேண்டும்.

அந்த நாள் வரும்வரை, உங்கள் முதல் ஆப்பை வெளியிடும் முன்பே சிலவற்றைச் செய்துவிடுங்கள். ஆப்புக்குள் கணக்குத் தொடங்கும்போது, பயனரின் சம்மதத்தோடு மெயில் முகவரியை வாங்கி வையுங்கள். நாங்கள் இதைச் செய்தது பாதிப் பேருக்குத்தான் கைகொடுத்தது, மீதிப் பேர் கணக்கே தொடங்காமல் பயன்படுத்தியவர்கள். பயனரின் தரவு முழுதும் இணையதளத்திலும் திறக்கும்படி வையுங்கள். அப்டேட் மாட்டிக்கொண்ட காலத்தில் எங்களிடம் எஞ்சிய மாணவர்கள் அந்த வழியாகத்தான் படித்தார்கள். ஒப்பந்தத்தில் பணத்தை நிறுத்திவைப்பது பற்றிய பிரிவைத் தேடிப் படியுங்கள். எத்தனை நாள் என்று வரம்பு போட்டிருக்கிறதா என்று பாருங்கள், பெரும்பாலும் இருக்காது. ஆகவே சில மாதச் செலவுக்கான தொகை ஸ்டோருக்கு வெளியே, உங்கள் வங்கிக் கணக்கில் எப்போதும் இருக்கட்டும். நிராகரிப்புக் கடிதங்கள், முன்பு அனுமதி கிடைத்த பதிப்புகளின் ஸ்கிரீன்ஷாட்கள் எல்லாவற்றையும் தேதியோடு சேமியுங்கள். வியாபாரப் போட்டியைக் கண்காணிக்கும் உங்கள் நாட்டு ஆணையத்திடம் புகார் கொடுக்க நேர்ந்தால் அவைதான் ஆதாரம்.

ஆப் பயன்படுத்துபவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். போனிலிருந்து ஆப்பை நீக்கினால் சந்தா நிற்காது. எங்கள் பயனர் ஒருவருக்கு அப்படித்தான் அடுத்த வருடப் பணமும் போனது, எங்களால் அதை நிறுத்த முடியவில்லை. ஸ்டோர் கணக்கின் சந்தாப் பகுதிக்குப் போய் நீங்களே ரத்து செய்ய வேண்டும். வாங்கும் முன்பு அந்த ஆப்பின் இணையதளத்தில் விலை என்ன என்று ஒருமுறை பாருங்கள், அது குறைவாக இருந்தாலும் ஆப்புக்குள் உங்களிடம் சொல்ல அவர்களுக்கு அனுமதி இல்லாமல் இருக்கலாம். ரீஃபண்ட் வேண்டுமென்றால் ஆர்டர் எண்ணோடு ஸ்டோரில் விண்ணப்பித்துவிட்டு, டெவலப்பருக்கும் ஒரு மெயில் போடுங்கள்.