கட்டுரையைவிட அதன் கீழே எழுதிய பத்து வரி

மயிலாப்பூரில் இருந்து வேலைக்குப் போய்க்கொண்டே தொலைநிலைக் கல்வியில் பி.ஏ. படிக்கிறேன். கூடவே எட்டு வார ஆன்லைன் கட்டுரை வகுப்பு ஒன்றில் சேர்ந்தேன். வீடியோக்கள் சுமார்தான். ஆனால் ஒவ்வொரு கட்டுரையின் கீழும் 'இதை எப்படி எழுதினேன்' என்று பத்து வரி எழுத வேண்டும்; இல்லாவிட்டால் மதிப்பெண் கிடையாது. எங்கே திணறினேன், எதை மாற்றினேன், ஏன்? தன் சிந்தனையைத் தானே கவனிக்கும் இதற்கு 1970களில் 'மெட்டாகாக்னிஷன்' என்று பெயர் வைத்தவர் அமெரிக்க உளவியலாளர் ஜான் ஃபிளேவல்.

பக்கிங்ஹாம் கால்வாய் பற்றிய மூன்றாவது கட்டுரையில்தான் விஷயம் பிடிபட்டது. முதல் பத்தியை நான்கு முறை அடித்து எழுதியிருந்தேன். கால்வாய்க்குள்ளேயே பறக்கும் ரயிலின் தூண்கள் நிற்பதை, தினமும் பார்க்கிற காட்சியை, கடைசி வரியில் ஒட்டவைத்திருந்தேன். ஏன் கடைசியில்? அதைக் குறிப்பில் எழுதும்போதுதான், பார்த்ததைவிடப் படித்ததே உசத்தி என்று இத்தனை நாள் நினைத்திருந்தது தெரிந்தது. அடுத்த தடவை தூணிலிருந்தே ஆரம்பித்தேன். "இப்பத்தாம்மா உங்க குரல் கேக்குது" என்று ஆசிரியை வாய்ஸ் நோட் அனுப்பினார். மூன்று முறை கேட்டேன்.

குறை ஒன்று உண்டு. திருத்திய கட்டுரை வரப் பன்னிரண்டு நாள் ஆகிறது. அதற்குள் என்ன நினைத்து எழுதினோம் என்பதே மறந்துவிடும். ஐந்தாவது வாரம் தளத்தில் என் குறிப்பு சேமிக்கப்படாமல் அழிந்தது. அப்புறம் நோட்டில் எழுதி, படம் எடுத்து ஏற்றினேன்.

கட்டணம் 3,500 ரூபாய். அந்தப் பத்து வரியைச் சலிக்காமல் எழுதுவீர்கள் என்றால் தாராளமாகச் சேரலாம். அடுத்த பேட்ச் தை மாதம்.