2.5 அல்ல, 2.54: கோவைப் பட்டறையில் கடைந்த ஜாயிண்ட் பின்கள்

பூல் ஆட்டத்தில் பந்தை அடிக்கும் கோலான கியூவின் அடித்தண்டையும் முன்பகுதியான ஷாஃப்ட்டையும் இணைக்கும் ஜாயிண்ட் பின், தலை வெட்டிய போல்ட் போலத்தான் தெரியும். ஆனால் கடையில் கிடைக்கும் 3/8 அங்குல யூ.என்.சி. (வழக்கமான அங்குல மரைத் தரம்) போல்ட்டில் அங்குலத்துக்கு 16 மரை. கியூ செய்பவர்கள் பலர் விரும்பும் 3/8 பின்னில் 10 மரைதான். மரை அகலமாக இருந்தால்தான் மேப்பிள் மரத்திலேயே நேரடியாக வெட்டும் உள்மரை உதிராமல் நிற்கும். நண்பர்களுக்குக் கியூ செய்து தரும் நான், கோவை கணபதியில் உள்ள சிறிய லேத் பட்டறை ஒன்றில் 12 பின்கள் கடையக் கொடுத்தேன்.

முதலில் வந்த மாதிரிப் பின் பார்வைக்குக் குறையில்லாதது. வெளிவிட்டமும் வரைபடத்தில் கொடுத்த 9.5 மி.மீ.தான். ஷாஃப்ட்டில் திருகியபோது ஐந்தாறு சுற்று வழுக்கிக்கொண்டு போய், பிறகு இறுகி நின்றுவிட்டது. மரை இடைவெளியை ஒப்பிட்டுப் பார்க்கும் பல் தகடான பிட்ச் கேஜை வைத்து விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். முதல் சில பற்கள் சரியாக அமர, போகப்போக இடைவெளியில் வெளிச்சம் கசிந்தது. அங்குலத்துக்கு 10 மரை என்றால் பிட்ச், அதாவது ஒரு மரைக்கும் அடுத்ததற்கும் உள்ள தூரம், 2.54 மி.மீ.; பட்டறையின் மெட்ரிக் லேத்தில் கியர்பாக்ஸ் தந்ததோ 2.5. ஒரு மரைக்கு 0.04 மி.மீ. பெரிதல்ல, ஆனால் 15 மரை உள்ளே போகும்போது அது 0.6 மி.மீ. ஆகிவிடுகிறது.

லேத் ஓட்டும் டர்னர் வாதாடவில்லை என்பதே இந்தப் பட்டறையைப் பற்றி நான் முதலில் சொல்ல வேண்டியது. பக்கத்துப் பட்டறையிலிருந்து மெட்ரிக் லேத்தில் 2.54 பிட்ச் கிடைக்க உதவும் 127 பல் கியர் ஒன்றை இரவல் வாங்கி மாட்டி, டூலை நகர்த்தும் திருகைப் பிடிக்கும் ஹாஃப் நட்டைத் திறக்காமல் ஒவ்வொரு வெட்டுக்கும் மோட்டாரைத் திருப்பி ஓட்டி, என் கண் முன்னே புதிய மாதிரியைக் கடைந்தார். மரையின் அடி தட்டையாக வேண்டும் என்று நான் கேட்டிருந்ததால் டூல் முனையையும் அதற்கேற்பத் தீட்டிக்கொண்டார். இரு சென்டர்களுக்கு இடையே சுழற்றியபோது ஆட்டத்தை அளக்கும் டயல் கேஜின் முள் இரண்டு கோட்டுக்கு மேல், அதாவது 0.02 மி.மீ.க்கு மேல், அசையவில்லை. பசை போடும்போது அடைபடும் காற்று வெளியேற நீளவாக்கில் ஒரு மெல்லிய கீறல் கேட்டேன். அதற்குக் கூலி கேட்கவில்லை.

குறைகளும் உண்டு. கடைய எளிதான 303 ஸ்டெயின்லெஸ் கம்பி இல்லாமல் 304 ஸ்டெயின்லெஸ்ஸில் கடைந்ததால் மரைச் சுவர்களில் கிழிசல் தெரிகிறது. அதே பட்டறையின் பித்தளைப் பின்களில் அந்தக் குறையே இல்லை. வரைபடத்தில் சேம்ஃபர் (விளிம்புச் சரிவு) காட்டியிருந்தும் முனைகளில் பர் (கூர்ப்பிசிறு) எடுக்கப்படாததால் ஒரு மாலை முழுவதும் அரத்தோடு உட்கார வேண்டியதாயிற்று. ஒரு வாரம் என்றது 16 நாள் ஆனது. செய்தித்தாளில் ஒன்றாகச் சுருட்டித் தந்ததில் இரண்டு பின்கள் ஒன்றோடொன்று மோதி மரை நசுங்கியிருந்தன. டைட்டானியம் கேட்டபோது, “நம்ம மெஷினுக்கு அது ஆகாதுங்க தம்பி” என்று நேராகவே சொல்லிவிட்டார். வாங்கிக்கொண்டு கெடுப்பவர்களை நினைத்தால் அதுவும் ஒரு சேவைதான்.

ஒரு பின்னுக்குக் கம்பியோடு 400 ரூபாய் கொடுத்தேன். பித்தளைப் பின் வேண்டுவோர் தயங்காமல் போகலாம். அடுத்த ஆர்டருக்குப் போனபோது, உள்மரை வெட்டிய மேப்பிள் துண்டு ஒன்றை லேத் பக்கத்திலேயே விட்டுவந்தேன்; இப்போது ஒவ்வொரு பின்னையும் அதில் கடைசிவரை திருகிப் பார்த்த பிறகே எனக்குப் போன் செய்கிறார்.